முனையத்தில் பல தரவுத் தொடர்களின் கோட்டு வரைபடம்: ஒரு வரலாறு

கணினி முனையம் என்பது எழுத்து, எண், குறி ஆகியவற்றை மட்டுமே வரிவரியாகக் காட்டும் திரை அல்லது சாளரம் ஆகும். அதில் படம் வரையத் தனி வசதி இல்லை. ஆயினும் உடுக்குறி, நிறுத்தற்புள்ளி, சிறுகோடு போன்ற குறிகளை உரிய இடங்களில் நிறுத்தி, அதிலேயே கோட்டு வரைபடம் வரையும் வழக்கம் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்து வருகிறது. ஒரே ஒரு தரவுத் தொடரை இவ்வாறு வரைவது எளிது. இரண்டு அல்லது மூன்று தொடர்களை ஒரே சட்டகத்தில் வரையும்போதுதான் சிக்கல் எழுகிறது. இரு கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில், ஒரு கட்டத்தில் ஒரு குறிக்குத்தான் இடம் உண்டு. அங்கே எந்தக் கோட்டைக் காட்டுவது? முனைய வரைபடத்தின் வரலாறு பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு வெவ்வேறு காலத்தவர் கண்ட விடைகளின் வரலாறே எனலாம்.

வெட்டும் புள்ளியின் முக்கியத்துவம்

பல கோடுகளை ஒரே படத்தில் வரையும் எண்ணம் மிகப் பழையது. 10 அல்லது 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர் ஐரோப்பியக் கையெழுத்துப் படியில், சூரியன், சந்திரன், கோள்கள் ஆகியவற்றின் இயக்கம் கட்டங்கள் போட்ட தளத்தில் அலை அலையான கோடுகளாக வரையப்பட்டுள்ளது. அதன் பின் பல நூற்றாண்டுகள் இம்முறை பரவலாகவில்லை.

புள்ளிவிவரங்களுக்குக் கோட்டு வரைபடத்தை நிலைபெறச் செய்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் (1759–1823). இவர் இளமையில் நீராவி இயந்திரப் புகழ் ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராகப் பணிபுரிந்தவர். 1786இல் இலண்டனில் வெளிவந்த இவருடைய வணிக, அரசியல் வரைபட நூலில் 44 படங்கள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை காலத்தொடர்க் கோட்டு வரைபடங்கள்.

அந்நூலின் புகழ்பெற்ற படம் ஒன்று, 1700 முதல் 1780 வரை டென்மார்க், நார்வே நாடுகளுடன் இங்கிலாந்து நடத்திய வணிகத்தைக் காட்டுகிறது. இறக்குமதிக்கு ஒரு கோடு, ஏற்றுமதிக்கு ஒரு கோடு. தொடக்கத்தில் இறக்குமதிக் கோடு மேலே உள்ளது; 1750களின் நடுப்பகுதியில் இரண்டும் வெட்டிக்கொள்கின்றன; அதன் பின் ஏற்றுமதிக் கோடு மேலே செல்கிறது. வெட்டும் இடத்துக்கு முன் உள்ள பரப்பை இங்கிலாந்துக்குப் பாதகமான வணிகம் என்றும், பின் உள்ள பரப்பைச் சாதகமான வணிகம் என்றும் பிளேஃபேர் குறித்தார். ஆக, அந்தப் படத்தின் செய்தி முழுவதும் வெட்டும் புள்ளியைச் சுற்றியே அமைந்துள்ளது. இரண்டு தொடர்களைத் தனித்தனித் தாளில் வரைந்திருந்தால் அந்தச் செய்தி எளிதில் கண்ணில் பட்டிருக்காது.

செப்புத் தகட்டில் செதுக்கி, கையால் வண்ணம் தீட்டிய அப்படத்தில் இரு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று செல்வதில் எந்தத் தடையும் இல்லை. எழுத்துகளை மட்டும் அறிந்த இயந்திரத்திடம் இந்த வேலை வந்தபோதுதான் நிலைமை மாறியது.

வரி அச்சுப்பொறியின் காலம்

1950களிலும் 1960களிலும் கணினியின் விடை பெரும்பாலும் தாளில்தான் வந்தது. 1959இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட 1403 என்னும் வரி அச்சுப்பொறி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது ஒரு வரியில் 132 குறிகளை அச்சிட்டது. நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான வரிகளைத் தள்ளியது. 1963இல் வந்த டெலிடைப் 33 என்னும் தட்டச்சு முனையமோ வினாடிக்குப் 10 குறிகளையே அச்சிட்டது. ஒரு வரிக்கு 72 குறிகள். 24 வரிகள் முழுவதையும் நிரப்ப வேண்டுமானால் ஏறத்தாழ மூன்று நிமிடம் ஆகும்.

இவ்வியந்திரங்களில் வரையப்பட்ட படங்களில் ஒரு தனித்தன்மையைக் காணலாம். பள்ளியில் நாம் காலத்தைக் கிடை அச்சில் இடமிருந்து வலமாகக் குறிக்கிறோம். அச்சுப்பொறிப் படங்களிலோ காலம் பெரும்பாலும் மேலிருந்து கீழாக ஓடியது. தாள் ஒரு திசையில்தான் நகரும் என்பதே காரணம். அச்சிட்ட வரிக்கு மீண்டும் திரும்ப முடியாது. காலத்தின் ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி என்று வைத்துக்கொண்டால், நிரல் முழுப் படத்தையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. அந்தப் படிக்குரிய மதிப்புகளைக் கணக்கிட்டு, வரியில் உரிய இடங்களில் குறிகளை இட்டு, அடுத்த வரிக்குப் போய்விடலாம். நினைவகம் விலை உயர்ந்த பொருளாக இருந்த காலத்தில் இது பெரும் வசதி. படிப்பவர் தாளைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கீழே உள்ள சிறு எடுத்துக்காட்டில் முதல் தொடரின் மதிப்புகள் 1, 3, 5, 6, 8. இரண்டாம் தொடரின் மதிப்புகள் 10, 8, 7, 6, 4. முதலாவதற்கு உடுக்குறியும் இரண்டாவதற்கு வேலிக்குறியும் இடப்பட்டுள்ளன. வரியின் முதல் இடம் சுழியம்.

1 .*........#
2 ...*....#..
3 .....*.#...
4 ......#....
5 ....#...*..

நான்காம் வரியைப் பார்க்கவும். இரண்டு தொடர்களின் மதிப்பும் 6. ஆனால் படத்தில் ஒரு குறிதான் உள்ளது. இரண்டாவதாக வரையப்பட்ட தொடர் முதல் தொடரை மறைத்துவிட்டது. இப்படத்தை மட்டும் காண்பவர், நான்காம் படியில் முதல் தொடருக்குத் தரவே இல்லை என்று எண்ணக்கூடும்.

தாளுக்கு இதற்கு ஒரு மாற்று வழி இருந்தது. தாளை நகர்த்தாமல் அதே வரியில் இன்னொரு முறை அச்சிடலாம். ஃபோர்ட்ரான் நிரல்மொழியில் வரியின் முதல் இடத்தில் கூட்டல் குறி இட்டால், முந்தைய வரியின் மேலேயே அச்சாகும். உடுக்குறியின்மேல் வேலிக்குறி விழுந்தால் இரண்டும் கலந்த ஒரு கரிய வடிவம் தெரியும். இரண்டு கோடுகள் அங்கே சந்திக்கின்றன என்பதற்கு அதுவே சான்று. மேல் அச்சிடும் இந்த உத்தியை 1960களில் உருவான சைமேப் என்னும் நிலப்படவரைவு நிரல், அடர்த்தியான நிழல்களை உண்டாக்கவும் பயன்படுத்தியது.

டைனமோவும் ஓரக் குறிப்பும்

பல தொடர்களை ஒரே சட்டகத்தில் எழுத்துகளால் வரைவதை அன்றாட வேலையாக்கியது, அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) உருவான டைனமோ என்னும் நிரல்மொழி. பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் தொடங்கிய அமைப்பு இயங்கியல் என்னும் துறைக்காக, ஃபில்லிஸ் ஃபாக்ஸ், அலெக்சாண்டர் பியூ ஆகிய இருவரும் 1950களின் இறுதியில் இதை உருவாக்கினர். ஒரு தொழிற்சாலையின் கையிருப்பு, கொள்முதல், உற்பத்தி ஆகியவை காலப்போக்கில் ஒன்றையொன்று எவ்வாறு மாற்றுகின்றன என்பதைக் கணக்கிடுவது இதன் பணி. இத்தகைய மாதிரியில் எந்த அளவும் தனித்து இயங்குவதில்லை. ஆகவே எல்லாத் தொடர்களையும் சேர்த்துப் பார்ப்பது கட்டாயம் ஆயிற்று.

டைனமோ ஒவ்வொரு தொடருக்கும் ஓர் எழுத்தை ஒதுக்கியது. காலம் தாளின் நெடுகக் கீழ்நோக்கி ஓடியது. இரண்டு தொடர்கள் ஒரே இடத்தில் விழுந்தால் அங்கே ஓர் எழுத்து மட்டும் அச்சாகும். அந்த வரியின் வலது ஓரத்தில், ஒன்றுசேர்ந்த எழுத்துகளின் பட்டியல் தரப்படும். படத்தில் மறைந்தது ஓரத்தில் எழுதப்பட்டது. மேலே காட்டிய எடுத்துக்காட்டின் நான்காம் வரியில் வலது ஓரத்தில் உடுக்குறியையும் வேலிக்குறியையும் சேர்த்து எழுதியிருந்தால் குழப்பமே இருந்திருக்காது. எளிய ஏற்பாடு, ஆனால் தரவை இழக்காத ஏற்பாடு.

இந்த நிரல்மொழியின் படங்கள் உலகெங்கும் விவாதப் பொருளானது 1972இல். டொனெல்லா மெடோஸ், டென்னிஸ் மெடோஸ், யோர்கன் ராண்டர்ஸ், வில்லியம் பெரன்ஸ் ஆகியோர் எழுதிய, வளர்ச்சிக்கு எல்லை உண்டு என்று வாதிட்ட நூல் அவ்வாண்டு வெளிவந்தது. ரோம் கழகம் என்னும் அமைப்புக்காக எழுதப்பட்ட அந்நூல், மக்கள்தொகை, நபர்வாரி உணவு, நபர்வாரித் தொழில் உற்பத்தி, மாசு, இயற்கை வளம் ஆகிய தொடர்களை ஒரே சட்டகத்தில் வரைந்து காட்டியது. பிறப்பு வீதம், இறப்பு வீதம், நபர்வாரிச் சேவை ஆகியவை பி, டி, எஸ் என்னும் ஆங்கில எழுத்துகளாகக் குறிக்கப்பட்டன.

இப்படங்களைப் படிப்பதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை தேவை. பிளேஃபேரின் படத்தில் இரு கோடுகளும் பவுண்டு மதிப்பில் உள்ளன. ஆகவே அவை வெட்டும் இடத்துக்குப் பொருள் உண்டு. மக்கள்தொகைக்கும் மாசுக்கும் அலகு வேறு, அளவுத்திட்டம் வேறு. ஒன்றின் அளவுத்திட்டத்தைச் சற்று மாற்றினால் வெட்டும் புள்ளி வேறு ஆண்டுக்கு நகர்ந்துவிடும். எனவே அத்தகைய படத்தில் கோடுகள் எங்கே வெட்டுகின்றன என்பதைவிட, எப்போது ஏறி எப்போது இறங்குகின்றன என்பதே பார்க்க வேண்டியது. நூலாசிரியர்கள் செங்குத்து அச்சின் அளவுகளை வேண்டுமென்றே விட்டுவிட்டனர். தங்கள் படம் துல்லியமான முன்கணிப்பு அன்று, போக்கின் வடிவமே என்று வலியுறுத்துவது அவர்கள் நோக்கம்.

தாளிலிருந்து திரைக்கு

1970களில் தாளின் இடத்தைக் கண்ணாடித் திரை பிடித்தது. இங்கே ஒரு வசதி கூடியது, ஒன்று குறைந்தது. கூடியது, திரையில் மேலும் கீழும் எங்கு வேண்டுமானாலும் சென்று எழுதும் வசதி. அதனால் காலத்தை இடமிருந்து வலமாகக் காட்ட முடிந்தது. குறைந்தது, மேல் அச்சிடும் வசதி. தாளில் ஒரு குறியின்மேல் இன்னொரு குறியை அச்சிட்டால் இரண்டும் தங்கும். சாதாரண எழுத்துத் திரையில் புதிய குறி வந்தால் பழைய குறி அழிந்துவிடும். வெட்டும் புள்ளியில் ஒரு தொடர் காணாமற்போவது இதனால் மேலும் எளிதாயிற்று.

இந்தக் குறையை வன்பொருள் மூலம் தீர்க்கச் சில முயற்சிகள் நடந்தன. 1972இல் வெளிவந்த டெக்ட்ரானிக்ஸ் 4010 முனையம், எழுத்துகளோடு உண்மையான கோடுகளையும் வரைந்தது. வரைந்ததைத் திரையே தேக்கி வைத்துக்கொண்டது. இரு கோடுகள் வெட்டினால் இரண்டும் தெரிந்தன. ஆனால் ஒரு கோட்டை மட்டும் அழிக்க முடியாது. முழுத் திரையையும் அழித்து, எல்லாவற்றையும் மீண்டும் வரைய வேண்டும்.

டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் (டெக்) வேறு வழியில் சென்றது. 1978இல் அது வெளியிட்ட வி.டி.100 முனையம் 80 பத்தி, 24 வரி கொண்டது. இன்றும் பல முனைய நிரல்கள் தொடக்கத்தில் இதே அளவில் திறக்கின்றன. இதன் உடன்பிறப்பான வி.டி.105, எழுத்துத் திரையின் மீதே வரைபடம் காட்டும் தனிச் சுற்றைப் பெற்றிருந்தது. கிடை அச்சின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மதிப்பு என்ற முறையில் அது இரண்டு கோடுகளை ஒரே நேரத்தில் காட்டியது. மூன்றாவது தொடருக்கு அதில் இடமில்லை.

யூனிக்ஸ் மரபும் குனுபிளாட்டும்

பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் இயங்குதளம் இச்சிக்கலை மென்பொருள் பக்கத்திலிருந்து அணுகியது. 1979இல் வெளியான அதன் ஏழாம் பதிப்பில், எண் இணைகளைப் படித்துக் கோடாக மாற்றும் நிரல் ஒன்றும், அக்கோட்டைக் குறிப்பிட்ட முனையத்துக்கு ஏற்ப வரையும் நிரல்களும் தனித்தனியே இருந்தன. கணக்கிடுவது ஒரு நிரல், காட்டுவது இன்னொரு நிரல் என்ற இந்தப் பிரிவினை பின்னர் வந்தவர்களுக்கு வழிகாட்டியது.

1986இல் அமெரிக்காவின் வில்லனோவா பல்கலைக்கழகத்தில் தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி ஆகியோர் குனுபிளாட் என்னும் நிரலைத் தொடங்கினர். பெயரில் குனு இருந்தாலும், புகழ்பெற்ற குனு திட்டத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது பலவகை முனையங்களுக்கும் அச்சுப்பொறிகளுக்கும் வரைந்து தரும். அவற்றுள் ஒன்றின் பெயர் 'ஊமை' முனையம். படவசதி ஏதுமற்ற முனையம் என்பது பொருள். இதைத் தேர்ந்தால் 79 பத்தி, 24 வரி அளவில் வெறும் எழுத்துக்குறிகளால் படம் வரும். தரவுத் தொடர்களைக் காற்புள்ளியால் பிரித்து ஒரே கட்டளையில் தரலாம். முதல் தொடருக்கு உடுக்குறி, இரண்டாவதற்கு வேலிக்குறி, மூன்றாவதற்கு டாலர் குறி என்று வரிசையாக ஒதுக்கப்படும். ஒரே கட்டத்தில் இரண்டு விழுந்தால் பின்னால் வரையப்பட்டதே நிற்கும். எனவே கட்டளையில் தொடர்களைத் தரும் வரிசையும் படத்தின் பொருளைப் பாதிக்கும். முக்கியமான தொடரை இறுதியில் தருவது நல்லது.

வண்ணப் படங்களைக் காட்டும் திரைகள் எங்கும் பரவிய பின்னரும் இம்முறை மறையவில்லை. 1995இல் பின்லாந்தில் உருவான எஸ்.எஸ்.எச். என்னும் பாதுகாப்பான தொலை இணைப்பு முறை இதற்கு ஒரு முக்கியக் காரணம். தொலைவில் உள்ள வழங்கிக் கணினியை நிர்வகிப்பவர்க்குப் பெரும்பாலும் ஓர் எழுத்துச் சாளரம் மட்டுமே கிடைக்கிறது. நினைவகப் பயன்பாடும் செயலியின் சுமையும் ஒன்றாக ஏறுகின்றனவா என்பதை அச்சாளரத்திலேயே பார்த்துவிட்டால், கோப்பைத் தம் கணினிக்கு இறக்கிப் படமாக்கும் வேலை மிச்சம்.

பிரெய்ல் புள்ளிகளும் வண்ணமும்

1999இல் வெளியான யூனிகோட் 3.0 பதிப்பில் 256 பிரெய்ல் வடிவங்கள் சேர்க்கப்பட்டன. லூயி பிரெய்ல் வகுத்த முறையில் ஓர் எழுத்துக்கு ஆறு புள்ளிகள். கணினிப் பயன்பாட்டுக்காக அது எட்டுப் புள்ளிகளாக விரிவடைந்தது. இரண்டு பத்தி, நான்கு வரிசை. ஒவ்வொரு புள்ளியும் இருக்கலாம் அல்லது இல்லாமல் போகலாம் என்பதால் மொத்தம் 256 வடிவங்கள்.

வரைபடம் வரைவோர் இதில் ஒரு பயனைக் கண்டனர். ஒரு கட்டத்தில் ஒரு குறி என்பதற்குப் பதிலாக எட்டுப் புள்ளிகள் கிடைக்கின்றன. 80 பத்தி, 24 வரி கொண்ட திரையில் 1,920 கட்டங்களே உண்டு. பிரெய்ல் வடிவங்களால் அதுவே 160 பத்தி, 96 வரிசை, அதாவது 15,360 புள்ளிகள் ஆகிறது. 2010களில் பைத்தான், ஜூலியா முதலிய நிரல்மொழிகளில் இம்முறையைக் கையாளும் திறமூல நூலகங்கள் பல தோன்றின. வளைந்த மூலைகளைக் கொண்ட சட்டக் குறிகளால் கோட்டை இழைக்கும் நிரல்களும் வந்தன.

இரண்டு கோடுகளின் புள்ளிகளும் ஒரே பிரெய்ல் வடிவத்தில் சேர்ந்து இருக்கலாம் என்பதால், பழைய சிக்கல் தீர்ந்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் அது இடம் மாறியிருக்கிறது. எல்லாம் புள்ளிகளே ஆனதால் உடுக்குறி, வேலிக்குறி என்ற வேறுபாடு இப்போது இல்லை. தொடர்களைப் பிரித்துக் காட்டும் வேலையை வண்ணம் செய்கிறது. முனையத்தில் ஒரு கட்டத்தின் குறிக்கு ஒரு வண்ணம்தான் தர முடியும். சிவப்புக் கோடும் நீலக் கோடும் ஒரே கட்டத்தில் சந்தித்தால் எட்டுப் புள்ளிகளும் ஒரே வண்ணத்தைப் பெறும். வெட்டும் இடத்தில் ஒரு கோடு இன்னொன்றின் வண்ணத்தை ஏற்றுவிடுகிறது. படத்தை வண்ணக் குறியீடுகள் இல்லாமல் கோப்பில் சேமித்தால் இரு தொடர்களையும் பிரித்தறியவே இயலாது. சிவப்பு, பச்சை வேறுபாடு காணாதவர்களுக்கும் இதே நிலைதான்.

இதில் இன்னொரு முரண்பாடும் உள்ளது. பார்வையற்றோர் விரலால் தடவிப் படிப்பதற்காக உருவான எழுத்துமுறை இது. ஆனால் இவ்வாறு வரைந்த படத்தைத் திரைவாசிப்பான் படித்தால் பொருளற்ற புள்ளிக் கோவைகளே வரும். யாருக்காக அந்த எழுத்து உருவானதோ அவர்களுக்கு அந்தப் படம் பயன்படுவதில்லை. ஆகவே படத்துடன் எண் அட்டவணையையும் தருவது பொறுப்பான செயல் ஆகும்.

தமிழ்ப் பெயர்களை இடும்போது

முனையத்தின் கட்டமைப்பு, எல்லாக் குறிகளுக்கும் ஒரே அகலம் என்ற எண்ணத்தில் பிறந்தது. தமிழ் எழுத்து அதற்கு எளிதில் அடங்குவதில்லை. 'கி' என்பது நமக்கு ஓர் எழுத்து. யூனிகோடில் மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். 'ணௌ' போன்றவை அகலமானவை. அகலத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதில் எல்லா முனைய நிரல்களும் ஒத்துப்போவதில்லை. அச்சின் இடப்பக்கத்தில் தமிழ்ப் பெயர்களை இட்டால், அந்த வரி மட்டும் விலகி, கோடு உடைந்தது போலத் தெரியக்கூடும். குறிவிளக்கத்தைப் படத்துக்குக் கீழே தனி வரிகளில் தமிழில் எழுதி, படத்துக்குள் எண்களையும் குறிகளையும் மட்டும் வைத்தால் இத்தொல்லை இராது.

மாணவர் கவனத்துக்கு

முனையத்தில் பல தொடர்களை வரைவோர் நான்கு செய்திகளை நினைவில் கொள்வது நலம். முதலாவது, ஒவ்வொரு தொடருக்கும் வண்ணத்துடன் தனிக் குறியும் தருதல். இரண்டாவது, அலகு ஒன்றாக உள்ள தொடர்களுக்கு ஒரே அளவுத்திட்டத்தைப் பயன்படுத்துதல். அலகு வேறானால் வெட்டும் புள்ளிக்குப் பொருள் இல்லை என்பதைக் குறிப்பிடுதல். மூன்றாவது, தொடர்களின் எண்ணிக்கையைக் குறைத்தல். 24 வரிகளுக்குள் மூன்று அல்லது நான்கு கோடுகளுக்கு மேல் போனால் கண்ணுக்குக் கோடு தெரியாது. குறிகளின் கூட்டமே தெரியும்.

நான்காவது, மறைந்த புள்ளிகளைச் சொல்லுதல். இரண்டு தொடர்கள் ஒரே கட்டத்தில் விழுந்த இடங்களில் வேறொரு குறியை இடலாம், அல்லது ஓரத்தில் பட்டியலிடலாம். டைனமோ தாளின் ஓரத்தில் செய்த அதே வேலையை இன்றைய நிரல்மொழி எதிலும் சில வரிகளில் எழுதிவிட முடியும். இன்றைய நிரல்கள் பலவற்றில் இந்த வசதி இல்லை. அதைச் சேர்க்கும் பணி கணினி பயிலும் மாணவர் ஒருவருக்கு நல்ல பயிற்சியாக அமையும்.